சாட்டைச் சத்தம்

மகள் பெங்களூருக்கு வேலைக்குப் போன பிறகு, தாம்பரம் வீட்டில் நானும் மனைவியும் ஒரு நாளில் பேசிக்கொண்டதை அப்படியே தந்தியில் அனுப்பியிருந்தால்கூடப் பெரிய செலவாகியிருக்காது. சிலிண்டர் வந்ததா, மோட்டார் போட்டாச்சா, சாப்பிட வரலாம். வீட்டின் பேச்சு முழுவதையும் மகள்தான் சுமந்திருந்தாள் என்பது அவள் ஏறிய ரயில் நகர்ந்த பிறகுதான் புரிந்தது. நிறையப் படித்தவன் என்று பெயர் வாங்கியிருந்தேன். மனைவியோடு ஒரு மாலைப்பொழுதை ஓட்டுவதற்கு அதில் ஒரு புத்தகமும் உதவவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து உட்கார ஏதாவது வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தபோதுதான் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனேன்.

அங்கே ஒருவர் தார்ப்பாய் நிறைய விசிடிகளைக் கொட்டி வைத்திருந்தார். என் சின்ன வயதில் வந்த ராஜா ராணிப் படம் ஒன்றின் கதையை அவரிடம் சொன்னேன். மந்திரவாதி, பறக்கும் கம்பளம், இரண்டு தலை நாகம், அடங்காத குதிரை.

"இன்னா சார், அந்தக் காலத்துல எல்லாப் படமும் அதான்," என்றார். "ஈரோ பேரச் சொல்லு."

சொன்னேன். குவியலின் அடியில் கையை விட்டு உருவினார்.

"பிரிண்ட்டு கண்ணாடி மாதிரி கீது. ஆனா இத யார் சார் இப்போ பாக்குறா?"

"நான்தான்."

"தெரியுது," என்றார், என் நரைத்த தலையைப் பார்த்துக்கொண்டே.

அந்தப் படத்தை நான் கண்ணால் பார்த்தது ஒரே ஒரு முறை, அப்பாவின் மடியில். நாகம் வந்ததும் கண்ணை மூடியவன் அப்படியே தூங்கிவிட்டேன். மற்றபடி அது எனக்குக் காதால் வந்த படம். அப்போதெல்லாம் எங்கள் பக்கம் கல்யாணமோ காதுகுத்தோ எதுவானாலும், மைக்செட்காரர் தென்னை மரத்தில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டி, பாட்டெல்லாம் தீர்ந்ததும் அந்தப் படத்தின் கதை வசன இசைத்தட்டைச் சுழல விடுவார். தெரு முழுக்கப் படம் ஓடும், படம் மட்டும் இருக்காது. முகூர்த்த மாதங்களில் அந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டே முழுவதும் மனப்பாடம் ஆனது. காட்சிகளை நானே போட்டுக்கொண்டேன்.

அதில் என் உயிர் ஒரு இடம். குளம்படிச் சத்தம் கேட்கும், குதிரை கனைக்கும், சுளீர் என்று சாட்டை விழும். பிறகு கதாநாயகனின் குரல்: "துள்ளாதே! துள்ளியவை எல்லாம் இந்தச் சாட்டையிடம் துவண்டிருக்கின்றன. மண்டியிடு!" அடுத்து அவனுடைய கூட்டாளிகளின் சிரிப்பு. மந்திரவாதி ஏவிய மாயக் குதிரையை அவன் அடக்குகிறான் என்பது என் கற்பனை. பிடரி பறக்கும் வெள்ளைக் குதிரை, மூக்கில் புகை.

குரல் உடைந்ததும் இந்த வசனம் எனக்கு வாகாகப் பொருந்திவிட்டது. கல்லூரியில் மேடையேறிச் சொன்னேன். கல்யாணத்துக்குப் பிறகு மேடை தேவைப்படவில்லை. கோவிலம்பாக்கத்தில் நான் வாங்கப் பார்த்த மனை மழையில் முழுகும் என்று என் மனைவி நாலு பேர் நடுவே சொன்னாள். நான் தோளில் கிடந்த துண்டை உதறிச் சுழற்றி, "துள்ளாதே!" என்று தொடங்கினேன். ஆண்கள் வெடித்துச் சிரித்தார்கள், வயதானவர்கள் இன்னும் பலமாக. அவள் உள்ளே போய்விட்டாள். என் குரல் வளத்துக்கான கைதட்டலாகச் சிரிப்பை எடுத்துக்கொண்டேன். அவளுக்கு ரசனை போதாது என்றும் முடிவு செய்தேன். அவள் எதிர்த்துப் பேசிய போதெல்லாம் இதுதான் நடந்தது. மனை முழுகியது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் விசிடியைக் காட்டி அவளைக் கூப்பிட்டேன். அட்டையை ஒரு தரம் பார்த்தாள்.

"நான் பார்த்த படம்தான். நீங்க பாருங்க."

"எப்போ பார்த்தே?"

"சின்ன வயசுல. வண்டலூர் டூரிங் கொட்டாயில, எங்க அம்மாகூட."

"எனக்காக இன்னொரு தரம் பாரேன். ரெண்டு பேருமா சேர்ந்து உக்காந்து எவ்ளோ நாளாச்சு."

அது அவளை அசைத்தது. அவரைக்காய்த் தட்டை எடுத்துக்கொண்டு வந்து சோபாவின் மறுகோடியில் உட்கார்ந்தாள். இதுவே பெரிய வெற்றி என்று நான் பூரித்தேன்.

கம்பளத்தின் கம்பி தெரிந்தது. நாகத்தின் ஒரு தலை மட்டும் வேலை செய்தது. அவள் லேசாகச் சிரித்தாள், நானும் சிரித்தேன். பிறகு குளம்படிச் சத்தம் வந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்து, வசனத்தைக் கூடவே சொல்லத் தயாராகத் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

கதாநாயகன் ஏறி வந்த குதிரை ஓரமாகக் கட்டப்பட்டுப் புல் தின்றுகொண்டிருந்தது. கனைத்ததோடு அதன் வேலை முடிந்தது. நடுவில் இளவரசி நின்றாள். தன் நாட்டைப் பிடித்த அந்தக் கதாநாயகனைப் பார்த்து, இசைத்தட்டில் வெட்டியிருந்த நியாயமான ஒரு கேள்வியைக் கேட்டாள். அவன் சாட்டையை எடுத்தான். சுளீர். அவள் விழுந்தாள். "துள்ளாதே!"

கூட்டாளிகள் சிரித்தார்கள். எனக்குத் தெரிந்த சிரிப்பு. எங்கள் வீட்டுக் கூடத்தில் எத்தனையோ முறை கேட்டது. ரிமோட்டைத் தேடி அமுக்கினேன். ஓங்கிய கையோடு அவன் திரையில் நடுங்கிக்கொண்டு நின்றான்.

"ஏன் நிறுத்திட்டீங்க? உங்க சீன்தானே?" என்றாள், காய் நறுக்கியபடி.

"இதுவா... இது உனக்குத் தெரியுமா?"

"பார்த்திருக்கேன்னு சொன்னேனே."

"அப்புறம் ஏன் என்கிட்ட ஒண்ணும் சொல்லல?"

"தெரிஞ்சுதான் சொல்றீங்கன்னு இருந்தேன்." கத்தி நின்றது. "கல்யாணமான புதுசுல, உங்க மாமா எல்லாம் இருந்தப்போ முதல்ல சொன்னீங்க. துண்டை வேற சுத்துனீங்க. சரி, இவர் அடிக்கிற ஆளு போலன்னு நெனச்சேன். ரொம்ப நாள் எதிர்பார்த்துக்கிட்டே இருந்தேன். நீங்க அடிக்கல. வாயோட சரின்னு விட்டுட்டேன்."

தன் கணவன் என்றைக்கு அடிப்பான் என்று ஒரு பெண் காத்திருந்த அந்த நாட்களில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்தேன். வெளிநாட்டு நாவல்களில் பெண் பாத்திரங்களின் மன ஆழத்தைப் பற்றி ஒரு சிற்றிதழுக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன்.

"சத்தியமா எனக்குத் தெரியாது. குதிரையைச் சொல்றான்னு நெனச்சிருந்தேன்," என்றேன்.

"குதிரையா?"

"மாயக் குதிரை."

அவள் திரையின் ஓரத்தில் நின்ற குதிரையைப் பார்த்தாள். சிரித்துவிடுவாள் என்று ஒரு கணம் நம்பினேன். சிரித்திருந்தால் இதையும் வேடிக்கைக் கதையாக்கி அடுத்த விருந்தில் சொல்லியிருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

"சரி, குதிரைன்னே வெச்சுப்போம்," என்றாள். "அத ஏங்க என்னைப் பார்த்துச் சொன்னீங்க?"

ஒரு சமாதானம் தேடவும் கூச்சமாக இருந்தது. படம் தெரியாமல் சொன்னது ஒரு தப்பு என்றால், குதிரைக்கான வசனம் என்று நினைத்து அவளிடம் சொன்னதும் அதே தப்புதான். தட்டை மேசைமேல் வைத்துவிட்டு அவள் ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கி ஓடவிட்டாள்.

"முழுசும் பாருங்க. ரெண்டாவது சிடில அவ அவனுக்குச் செருப்பு எடுத்துக் குடுத்து ஒரு பாட்டு பாடுவா. நீங்க குளிக்கும்போது பாடுவீங்களே, அதான்."

பார்த்தேன். அவள் திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, இத்தனை வருஷமும் சேர்த்து வைத்ததை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். எந்த விசேஷம், யார் யார் இருந்தார்கள், அன்று அவள் சொல்ல வந்தது என்ன. மகள் போனதிலிருந்து அவள் என்னிடம் அவ்வளவு பேசியதே இல்லை. நான் ஆசைப்பட்டது பேச்சுக்குத்தான்.

படம் முடிந்து திரை நீலமானது. அவள் இன்னும் முடிக்கவில்லை. நான் டிவியை அணைத்துவிட்டு, சோபாவின் என் கோடியிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.