குனிய முடியாத அங்கி

கொரோனாக் காலத்தில், எங்கள் பக்கத்துச் சிறிய வைத்தியசாலை ஒன்றுக்குப் பாதுகாப்பு அங்கி தைத்துக் கொடுக்க முடியுமா என்று என்னைக் கேட்டார்கள். ஆடைத் தொழிற்சாலைகளில் உடுப்புக்கு மாதிரி வரைந்து வெட்டும் வேலை பார்த்து ஓய்வுபெற்று, அப்போது பரந்தனில் இருந்தேன். துணி வந்தது. தைக்க ஊரில் பெண்கள் இருந்தார்கள். வடிவமைப்பு மட்டும் என் பொறுப்பு. தலைமூடி, சட்டை, காற்சட்டை எல்லாம் சேர்ந்து தலையிலிருந்து கணுக்கால் வரை ஒரே உடுப்பு, முன்னால் இழுத்து மூடும் சிப்.

அளவெடுப்பதுதான் சிக்கலாக இருந்தது. அணியப்போகிறவர்கள் அநேகமாகப் பெண்கள். ஓர் ஆண் அவர்கள் உடம்பில் நாடா வைப்பது இங்கே வழக்கமில்லை. தொற்றுப் பயம் வேறு. தையற்காரரிடம் அளவுச் சட்டை கொடுத்துவிடுவதுதான் பழக்கம். அப்படியே அவர்களும் தங்களுக்குப் பொருந்திய சேலைச் சட்டைகளைத் தோய்த்து, ஒரு பையில் போட்டு அனுப்பினார்கள்.

"இது காணுமோ உங்களுக்கு?" என்று மனைவி கேட்டாள்.

போதும் என்றேன்.

சேலைச் சட்டை, கைகளைத் தொங்கவிட்டு நிற்கும் உடம்பின் அளவு. தோளிலிருந்து கால்களுக்கிடையே போய் மறுபடி தோளுக்கு வரும் நீளத்தை அது சொல்லாது. குனியும்போது கூடுவது அந்த நீளம்தான். அங்கித் துணி நெய்ததும் அல்ல. கடதாசி போல, இழுபடாது. இவை நான் படித்த பாடங்கள். இருந்தும் கீழ்ப்பகுதியை ஒரு குத்துமதிப்பில் வரைந்து முடித்தேன்.

சில நாட்களில் தலைமைத் தாதி தொலைபேசியில் கூப்பிட்டா.

"ஐயா, குனிஞ்சா பின்னால பிரியுது. பிள்ளையள் வெக்கத்தில சொல்லுதுகள் இல்லை."

"அது குனியிறதுக்குத் தைச்சதில்லை, மிஸி. நோய் உள்ளுக்க வராம இருக்கத் தைச்சது."

"அப்ப ஊசி போட நோயாளியளை எழும்பி நிக்கச் சொல்லுறன்" என்று சொல்லி அவா வைத்துவிட்டா.

எனக்குக் கோபம் வந்தது. மாதிரியைத் திருத்தவில்லை, தையலை இரட்டையாக்கச் சொன்னேன். அதன் பிறகு தையல் பிரியவில்லை, துணியே கிழிந்தது. கிழியாதபோது முதுகுப் பக்கம் இழுத்து, தலைமூடி பின்னால் சரிந்தது. அதையும் அவா சொன்னா. மெதுவாகக் குனியச் சொல்லுங்கோ என்றேன். பிழை அளவில் என்று எனக்கு அப்போதே தெரியும். ஒத்துக்கொண்டால் தைத்ததெல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். அதைவிட, நாற்பது பேருக்கு மேல் எனக்குக் கீழே வேலை செய்த காலத்தை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வைத்தியசாலையில் நோயாளர் வாட்டுகளின் தரை துடைக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். ஜெயபுரம் பக்கம். தாய் தகப்பன் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். நாள் முழுக்கக் குனிந்து செய்யும் வேலை அவளுடையது. கிழிந்த இடம் தெரியாமல் இடுப்பில் ஒரு படுக்கை விரிப்பைச் சுற்றிக்கொண்டு துடைத்தாளாம். பிறகு அவளுக்குத் தொற்று வந்தது. அவளிடமிருந்து தகப்பனுக்கு வந்தது. அவர் பிழைக்கவில்லை. கிழிசல் வழியாகத்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இல்லை என்று என்னாலும் சொல்ல முடியாது.

அதற்குப் பிறகுதான் மாதிரியைப் புதிதாக வரைந்தேன். முதுகை நீளமாக்கினேன், அக்குளிலும் கால்களுக்கிடையிலும் ஒட்டுத்துண்டு வைத்தேன். பெரிய வேலையில்லை, ஒரு காலைப்பொழுது போதுமாயிருந்தது.

அவள் தனிமைப்படுத்தல் முடிந்து வந்தபோது, போட்டுப் பார்க்கும்படி கேட்டு வீட்டுக்குக் கூப்பிட்டேன். மனைவி உள்ளே கூட்டிப்போய் அணிவித்தாள். வெளியே வந்து, நான் சொன்னபடியே குந்தினாள், எழும்பினாள், கைகளைத் தூக்கினாள். எங்கும் இழுக்கவில்லை. தகப்பனைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். அளவு சரியா என்று மட்டும் கேட்டேன்.

"நல்லா இருக்குங்க ஐயா" என்று சிப்பை இறக்கினாள். "போடப்போறவங்களுக்குக் குடுங்க. நான் வேலைய விட்டுட்டேன்."