சாம்பல் நிறத்தில் மட்டும் தெரிந்த முகம்

மானிட்டரை ஆன் செய்ததும் 'டொய்ங்...' என்று ஒரு சத்தம் வரும். கண்ணாடிக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் முடியெல்லாம் சிலிர்த்து நிற்கும். பக்கத்து ஹாலிலிருந்து பிரிண்டிங் பேஸ்ட்டின் மண்ணெண்ணெய் வாசம் வந்துகொண்டே இருக்கும்...

தொண்ணூறுகளின் பிற்பகுதி. திருப்பூர் மண்ணரையில், டி-ஷர்ட்டுக்குப் பிரிண்ட் போடும் ஒரு சின்ன யூனிட்டில் நான் டிசைனர். முதல் வேலை. ஓனர் நாச்சிமுத்து அண்ணன். அதிர்ந்து பேசாத மனுஷர்.

அந்தச் சமயம்தான் எங்களுக்கு ஆர்டர் தரும் ஒரு பையர் எங்கள் சரக்கை அப்படியே திருப்பி அனுப்பினார். அவர் கேட்டது மெரூன், போய்ச் சேர்ந்தது செங்கல் கலர். எங்கள் பழைய மானிட்டரில் அது மெரூனாகத்தான் தெரிந்தது. அதை நம்பித்தான் கலர் கலந்தோம். இன்னொரு ஆர்டர் தருகிறேன், அதுவும் தப்பானால் இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

வேறு மானிட்டர் வாங்க, அண்ணன் என்னைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

கடையில் மூன்று மானிட்டர்கள். பையர் தந்த மெரூன் துணியைக் கண்ணாடியோரம் பிடித்து, ஸ்கிரீனிலும் அதே நிறத்தைக் கொண்டுவந்து பார்த்தேன். புதியவை இரண்டு. ஒன்றில் நீலம் தட்டியது, இன்னொன்று எல்லாவற்றையும் பளிச்சென்று காட்டி ஏமாற்றியது. மூன்றாவது, யாரோ விற்றுவிட்டுப் போன பழசு. அதில் துணி எங்கே முடிகிறது, ஸ்கிரீன் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை.

"இதுவே போதுங்கண்ணா."

"பழசாச்சே அம்மணி?"

"கலர் பொய் சொல்லலீங்கண்ணா."

வாங்கி வந்துவிட்டோம்.

பிரிண்டும் ஸ்கிரீனும் ஒன்றுபோல வந்தன. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிறகு ஒரு மத்தியானம், டிசைனுக்குப் பின்னால் வெறும் சாம்பல் நிறத்தை நிரப்பினேன்.

நட்ட நடுவில் முட்டை வடிவத்தில் ஒரு வளையம். உள்ளே ஒரு முகம்...

கண், மூக்கு, தோள் எல்லாம் புகைபோல மங்கலாகத் தெரிந்தன. ஃபைலை மூடினேன், திரும்பத் திறந்தேன். முகம் அங்கேயேதான் இருந்தது. வேறு நிறம் போட்டால் காணோம்.

கடைக்காரருக்கு போன் போட்டேன்.

"அது போஸ்டர் அடிக்கிற எடத்துல இருந்ததுங்க. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மட்டுந்தான் போடுவாங்க. எல்லாத்துக்கும் அதே வளையம், அதே எடம்... ஆள் மட்டுந்தான் மாறும். வருஷக்கணக்கா ஓடுனதுல கண்ணாடிலயே பதிஞ்சுபோச்சாட்ட இருக்குதுங்க. உங்க வேலைய ஒண்ணும் கெடுக்காதுங்க."

செத்துப்போனவர்கள் எத்தனையோ பேருடைய முகம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, யாருடையதும் இல்லாத ஒரு முகமாகியிருக்கிறது. காரணம் தெரிந்தால் பயம் போய்விடும் என்பார்கள். எனக்குப் போகவில்லை.

அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பார் என்று நினைத்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அம்மணி... இது நம்ம தங்கவேலு."

தங்கவேலு அவருடைய தம்பி. படிக்கிற வயசிலேயே காய்ச்சலில் போய்விட்டவன். அவனை யாரும் ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லையாம்.

"மொகமே மறந்துபோச்சு அம்மணி. எத்தன ரோசன பண்ணியும் வரல. இப்பப் பாரு..."

அதன்பிறகு தினமும் சாப்பாட்டு நேரத்தில் வருவார். "அந்தச் சாம்பலக் கொண்டா" என்பார். நான் போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே வராந்தாவில் நின்றுகொள்வேன். உள்ளே அவர் மெதுவாகப் பேசுவது கேட்கும்... எதிரில் இருப்பவர் பதில் சொல்ல இடம் விடுவதுபோல், நிறுத்தி நிறுத்திப் பேசுவார்.

ஒருநாள், அதை பிரிண்ட் எடுத்துத் தரச் சொன்னார். எடுத்தேன். பேப்பரில் வெறும் சாம்பல்தான் வந்தது. முகம் ஃபைலில் இல்லையே, கண்ணாடியில்தானே இருக்கிறது! கேமராவில் பிடித்துப் பார்த்தோம். கழுவி வந்த படத்தில், முகத்தின் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டைதான் ஓடியது. அந்தக் கால மானிட்டரைப் படம் எடுத்தால் அப்படித்தான்.

கடைசியில் டிரேசிங் பேப்பரைக் கண்ணாடியில் ஒட்டி, பென்சிலால் நானே வரைந்தேன். அந்தக் கண்களின்மேல் கோடு இழுக்கும்போது, பேப்பர் என் விரலை உள்ளே இழுப்பதுபோல் இருந்தது. கண்ணாடியிலிருக்கும் ஸ்டேட்டிக் கரண்ட்தான்... தெரியும். ஆனாலும் அந்தக் கண்களை அவசர அவசரமாக முடித்தேன்.

வரைந்து முடித்த நேரத்தில், அண்ணனைத் தேடிக்கொண்டு அவர் மனைவி மரகதம் அக்கா வந்தார். வீட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது போலும். பேப்பரை வாங்கிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"ஏனுங்க... இந்தப் பொண்ணு எதுக்கு உங்களப் போய் வளையத்துக்குள்ள வரைஞ்சு வெச்சிருக்குது?"

நானும் அப்போதுதான் பார்த்தேன். ஆமாம். அண்ணனேதான்.

அண்ணன் அந்தப் படத்தை வாங்கிப் பார்த்தார்.

"அவன் இருந்திருந்தா இப்ப என்னாட்டந்தான் இருப்பான்" என்றார்.

"நீங்க மொதல்ல ஊட்டுக்கு வாங்க" என்று அக்கா அவர் கையைப் பிடித்தார். என்னைப் பார்த்து, "இந்த ஆர்டர் முடிஞ்சதும் இந்த மானிட்டரத் திருப்பி அனுப்பிச்சுரு கண்ணு" என்றார்.

அண்ணன் எழுந்து அவருடன் போனார். அதற்குப் பிறகு அந்தச் சாம்பலைக் கேட்கவும் இல்லை. ஆர்டர் பிசகாமல் போனது, பையர் நிலைத்தார். மானிட்டர் கோயம்புத்தூருக்கே திரும்பிப் போனது.

கொஞ்ச நாள் கழித்து மனசு கேட்காமல் கடைக்காரரிடம் விசாரித்தேன்.

"அது வந்த அன்னிக்கே போயிருச்சுங்க. பையனுக்குக் கம்ப்யூட்டர் பாக்க ஒரு அம்மா வந்தாங்க. ஸ்கிரீன் சும்மா சாம்பலாக் கெடந்துச்சு, அது முன்னால உக்காந்தவங்க எந்திரிக்கவே இல்லீங்க. வெலகூடக் கேக்கல..."

அண்ணன் இப்போதும் நன்றாக இருக்கிறார், பேரன் பேத்தி எடுத்துவிட்டார். நான் பெருமாநல்லூர் பக்கம் பெரிய கம்பெனியில் இருக்கிறேன். புது மானிட்டர் வந்தால் பசங்கள் ஒரு குட்டிக் கருவியை அதன்மேல் தொங்கவிடுகிறார்கள். அது நிறத்தை அளந்து நம்பர் சொல்கிறது, ஓகே என்கிறார்கள். ஸ்கிரீனில் துளி கறை கிடையாது. செத்துப்போனவர்களை ஆயிரம் போட்டோவாக எல்லோரும் பாக்கெட்டிலேயே வைத்திருக்கிறார்கள்.

ஆனால், ஸ்டூலை இழுத்துப் போட்டு ஒரே முகத்தின் முன்னால் அப்படி உட்கார்ந்த ஆளை, அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை...