முப்பத்தோராம் நாள் கையில் தந்த புத்தகம்

"கட்டாயம் வாரும். உமக்கு ஒரு சந்தோசமான விசயம் இருக்கு" என்று மாஸ்டர் தொலைபேசியில் சொன்னார். அவருடைய மச்சான் இறந்து முப்பத்தோராம் நாள். இறந்தவரை எனக்குத் தெரியாது. ஆனால் மூன்று கிழமையில் வரவிருந்த என் புத்தக வெளியீட்டில் மதிப்பீட்டுரை சொல்ல ஒத்துக்கொண்டவர் மாஸ்டர். அவர் கூப்பிட்டால் போகத்தான் வேண்டும். நான் குடியிருக்கும் டோர்செட் பார்க்கிலிருந்து இரண்டு பஸ் மாறி, மார்க்கம் பக்கத்து மண்டபத்துக்குப் போனேன்.

எங்களில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் கிரியை முடித்து எல்லோருக்கும் சாப்பாடு போடுவார்கள். வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்று ஒரு நினைவு மலரும் கொடுப்பார்கள். இறந்தவரின் படம், தேவாரங்கள், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி என்று இருக்கும். வீட்டுக்கு வீடு அலுமாரியில் பத்துப் பதினைந்து கிடக்கும். தேவாரத்தை யாரும் வாசிப்பதில்லை என்று இப்போது சிலர் சமையல் குறிப்பு, நீரிழிவுக்கான உணவுமுறை என்று ஏதாவது சேர்க்கிறார்கள்.

சாப்பிட்டுவிட்டு வெளியே வரும்போது வாசலில் நின்ற பெண் ஒரு பையைத் தந்தார். பஸ் தரிப்பிடத்தில் காற்று அடித்தது. முதுகைத் திருப்பிக்கொண்டு மலரை எடுத்துப் பிரித்தேன். அட்டையில் இறந்தவர் கோட்டு சூட்டுடன் சிரித்தார். தேவாரம் முடிந்து, வரலாறு முடிந்து, பேரப்பிள்ளைகளின் பெயர்களும் முடிந்து, பத்தொன்பதாம் பக்கத்தில் என் புத்தகம் தொடங்கியது.

ஒரு பகுதி இல்லை. முழுவதும். பாங்கொக்கில் எட்டுப் பேர் ஒரு அறையில் இருந்தது, ரஷ்யாவில் லொறிக்குள் கால் விறைத்தது, சூரிச்சில் கோப்பை கழுவியது, எல்லாம் இருந்தன. அச்சுக்குப் போகுமுன் நான் திருத்திய பிழைகள்கூடத் திருத்தாமல் இருந்தன. எங்கிருந்து போனது என்று அதிலேயே விளங்கிவிட்டது. அந்தத் திருத்தாத பிடிஎஃப்பை நான் ஒரே ஒருவருக்குத்தான் அனுப்பியிருந்தேன், மதிப்பீட்டுரை தயாரிக்க. உரிமை ஆசிரியருக்கு என்று போட்டிருந்த பக்கத்தைக் காணவில்லை. அந்த இடத்தில் குடும்பப் படம். கடைசிப் பக்கத்தில் பூச்சாடிப் படத்துக்குக் கீழே ஒரு வரி: "கதைகள் தந்துதவிய அன்பருக்கும் எமது நன்றிகள்." அன்பர் நான்தான். பெயர்கூட இல்லை.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் தரித்ததில்லை, எந்த வேலையிலும் தரித்ததில்லை. அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. பசி, குளிர், பொலிஸ் எல்லாம் வந்தன, போயின. ஆனால் அவற்றை எழுத ஆறு வருடம் எடுத்தது. வெயர்ஹவுசில் பெட்டி அடுக்கிவிட்டு வந்து, நாரி நோவோடு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இருந்து எழுதினேன். சென்னையில் என் காசில் முந்நூறு பிரதி அடித்தேன். வெளியீட்டில் அவை விற்றால் பனிக்காலம் முழுக்க வேலையை விட்டுவிட்டு இரண்டாவது புத்தகத்தை முடிக்கலாம் என்பதுதான் என் கணக்கு. வெளியீட்டுக்கு வரக்கூடியவர்கள் எல்லாம் அன்றைக்கு அந்த மண்டபத்தில் இருந்தார்கள். ஆளுக்கொரு பையோடு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

பஸ் வந்தது. ஏறவில்லை. திரும்பி நடந்தேன்.

மாஸ்டர் பீடாவை மென்றுகொண்டு கதவடியில் நின்றார். என் கையில் மலரைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"பாத்தீரே? எப்பிடி? வழுவழுப்பான பேப்பர். நானூறு அடிச்சவங்கள்."

"மாஸ்டர், ஆரைக் கேட்டு அடிச்சனீங்கள்?"

"கேக்கிறதென்ன? மச்சான் ஆஸ்பத்திரியில படுக்கையில கிடக்கேக்க நான்தானே ஃபோனில வாசிச்சுக் காட்டினனான். அந்த லொறிக் கதைக்கு அந்த மனுசன் அழுதது. அதாலதான் மகன் கேட்டவுடன குடுத்தனான். உம்மட எழுத்து நானூறு வீட்டுக்குப் போகுது. உமக்குச் சந்தோசமில்லையோ?"

"என்ர பேர் எங்கை?"

மாஸ்டர் மலரை வாங்கிப் புரட்டினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"பேர் போட்டா விளம்பரம் மாதிரி இருக்கும், செத்த வீட்டுக்குச் சரியில்லை எண்டு விட்டிருப்பாங்கள். சனத்துக்கு விளங்கும்தானே."

ஒரு மனிதர் சாகும்போது என் கதையைக் கேட்டு அழுதார் என்பது எனக்கும் உள்ளே எங்கேயோ பட்டது. அதை மறைக்கவில்லை. ஆனால் அவர் அழுததற்கும் அவருடைய குடும்பம் என்னுடையதை எடுத்ததற்கும் என்ன தொடர்பு? அவருக்குப் பிடித்திருந்தால் என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். நானே வந்து பக்கத்தில் இருந்து வாசித்திருப்பேன், சும்மா.

இறந்தவரின் மகன் கார் தரிப்பிடத்தில் வெறும் சட்டிகளை வான் வண்டிக்குள் ஏற்றிக்கொண்டிருந்தார். யூனியன்வில்லில் வீடு, மென்பொருள் நிறுவனத்தில் நல்ல வேலை. முப்பத்தைந்து வயதிருக்கும். விசயத்தைச் சொன்னேன். மரியாதையாகத்தான் கேட்டார்.

"சொறி அங்கிள். ஆனா மாமா குடுத்தவர், ஓகே எண்டு நினைச்சம். And we didn't sell it. ஃப்ரீயாத்தானே குடுத்தனாங்கள்."

இந்த ஒரு சொல்லைக் கேட்டதும் எனக்குப் பொறுக்க முடியவில்லை. விற்கவில்லையாம்!

"தம்பி, ஹோலுக்குக் காசு குடுத்தனீர். சமைச்சவனுக்குக் குடுத்தனீர். ஐயருக்குக் குடுத்தனீர். பிறின்ற் அடிச்சவனுக்கும் குடுத்தனீர். எழுதினவனுக்கு மட்டும் ஒரு பிளேட் சோறு."

"அங்கிள், இது எங்கட அப்பான்ர ஃபங்க்ஷன். பிளீஸ்."

"உம்மட கொம்பனியின்ர சொஃப்ட்வெயரை ஒருத்தன் எடுத்துத் தன்ர அப்பான்ர பேரில சும்மா குடுத்தா விடுவீரோ?"

"That's different."

"என்ன டிஃபரன்ற்?"

வண்டிக் கதவைச் சாத்தினார். அவருடைய தாய் முன் இருக்கையிலிருந்து எங்களைப் பார்த்தபடி இருந்தார். அவருக்கு முன்னால் அதற்கு மேல் சத்தம் போட எனக்கு மனமில்லை. வான் போய்விட்டது. செத்த வீட்டில் கோபப்படக் கூடாது என்று எங்களுக்கு ஒரு பழக்கம். அந்தப் பழக்கம் அன்றைக்கு யாருக்கு உதவியது என்று பாருங்கள்.

இரண்டு நாளில் மலரும் ஒரு பிடிஎஃப்பாகி வாட்ஸப் குழுக்களில் சுற்றியது. அஜக்ஸிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் தொலைபேசியில் எடுத்து, "அண்ணை, நான் அஞ்சு குறூப்பிலை போட்டிருக்கிறன், நன்றி ஒண்டும் சொல்லவேண்டாம்" என்றார். அவர் பகிடி விடவில்லை. தான் எனக்கு உதவி செய்வதாகவே நம்பினார். ஐந்து குழுவிலிருந்தும் அதை அழிக்கச் சொன்னேன். "என்னண்ணை, எங்கட சனம் வாசிக்கிறதே பெரிய விசயம்" என்று கோபித்துக்கொண்டு வைத்துவிட்டார். இதே சனம் கொத்துரொட்டிக் கடையில் வரிசையில் நின்று காசு கொடுக்கிறது. கொத்து ரொட்டியை யாரும் பிடிஎஃப் ஆக்கிக் கேட்பதில்லை.

வெளியீட்டு நாளில் அறுபது பேர் வந்தார்கள். மாஸ்டரும் வந்தார், மதிப்பீட்டுரையும் சொன்னார், என் எழுத்தை வானளாவப் புகழ்ந்தார். எங்கெங்கே எழுத்துப் பிழை இருக்கிறது என்று சுட்டியும் காட்டினார். அவர் திருத்தாத பிரதியைத்தான் வாசித்திருந்தார். என் அச்சுப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

பிறகு வழமைபோல ஒவ்வொருவராக மேடைக்கு வந்து, காசு வைத்த கடித உறையைத் தந்து, புத்தகத்தை வாங்கி, என்னோடு படம் எடுத்தார்கள். மூன்றாவதாக வந்த அன்ரி உறையை வைத்துவிட்டுப் புத்தகத்தைத் திருப்பித் தந்தார். "வீட்டிலை ஒண்டு கிடக்குத் தம்பி. ஏன் வீணா ரெண்டு? இதை நீர் வேற ஆருக்கும் குடும்." அவருக்குப் பின்னால் நின்றவரும் அப்படியே செய்தார். அதற்குப் பிறகு பலர் உறையும் தராமல் கையை மட்டும் குலுக்கினார்கள்.

நான் ஒலிவாங்கியை எடுத்தேன். பேச்சாளன் இல்லை, வந்ததைச் சொன்னேன்.

"நினைவு மலரில் என் புத்தகத்தை வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து கேளுங்கள். அது என்னைக் கேட்காமல் அடித்தது. வாசிக்கிறதென்றால் இங்கே இருக்கிற விலைதான் அதற்கும். வாசிக்கவில்லை என்றால் தந்தவர்களிடமே திருப்பிக் கொடுங்கள்."

மாஸ்டர் முன்வரிசையில் எழுந்தார். "செத்த மனுசனை அவமானப்படுத்துறீர்!" என்று சொல்லிவிட்டு வெளியேறினார். அவரோடு ஒரு வரிசையே எழுந்து போனது. வடையும் தேநீரும் மீந்தன.

பதினொரு பேர் வந்து மலருக்கான விலையைத் தந்தார்கள். முதலில் வந்தவர் அந்த அன்ரிதான். "நான் இன்னும் வாசிக்கேல்லை, படம்தான் பாத்தனான்" என்றார். "அப்ப வேண்டாம் அன்ரி, உறை தந்தனீங்கள்தானே" என்றேன். "இல்லை, அது வெளியீட்டுக்கு. இதுக்கும் காசு குடுத்தால்தான் வாசிப்பன்" என்று மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

மிச்சப் பெட்டிகளை அலுமாரிக்குள் வைத்துவிட்டுத் திங்கட்கிழமை வெயர்ஹவுசுக்குப் போனேன். பனிக்காலம் முடியும்வரை போனேன். இரண்டாவது புத்தகம் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் நிற்கிறது. அதன் பிடிஎஃப்பை யாருக்கும் அனுப்புவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். மதிப்பீடு செய்ய விரும்புகிறவர்கள் என் வீட்டுக்கு வந்து மேசையில் இருந்து வாசிக்கட்டும். தேநீர் போட்டுத் தருவேன்.

மகனுக்கு நானூறு பிரதிக்கும் விலை போட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். பதில் இல்லை. இன்னொன்று அனுப்பினேன். அவருடைய தாய் தொலைபேசியில் எடுத்து, "தம்பி, ஒரு சின்னப் புத்தகத்துக்கு ஏன் இவ்வளவு?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டார். எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் கூடிய கோபத்தைத் தந்தது. அடுத்த நாளே சிறுவழக்கு நீதிமன்றத்துப் படிவத்தை எடுத்துவந்தேன். ஆங்கிலம். எட்டாம் வகுப்பு ஆங்கிலத்தில் நான்கு நாள் இருந்து நிரப்பினேன். என்ன பறிபோனது என்று கேட்டிருந்த கட்டம் சிறியதாக இருந்தது. வேறு தாள் இணைத்து எழுதினேன்.