ஜெனோவாவில் புதினம் பார்த்த நாள்

ரொறன்ரோவிலை தெரிஞ்ச ஆக்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போனால் என்ரை மனிசன் தவறாமல் ஒரு கதை எடுத்துவிடுவார். "எங்கடை ஆள் சும்மா வரேல்லை. யூரோப்பெல்லாம் சுத்திப் பாத்திட்டு, ஆறுதலாய்த்தான் வந்து சேந்தவ." உடனை அங்கை இருக்கிற பெண்டுகள் எல்லாம் என்னைத் திரும்பிப் பாப்பினம். "மெய்யே அக்கா, இத்தாலி வடிவோ?" எண்டு கேப்பினம். "சரியான வடிவு" எண்டு சொல்லிப்போட்டு நான் குசினிப் பக்கம் நழுவிடுவன். அது பொய்யில்லை. வடிவான ஊர்தான். நான் அதைப் பாத்த விதத்திலை ஒரு மகாராணியும் பாத்திருக்க மாட்டா.

எண்பத்திமூண்டுக் கலவரம் முடிஞ்ச கையோடை மனிசன் கனடாவுக்கு வந்திட்டார். நான் யாழ்ப்பாணத்திலை மாமி வீட்டிலை இருந்தனான். மூண்டு வருசம் கழிச்சு, களவாய் ஆக்களை அனுப்பிற ஒரு ஏஜென்சிக்காரனைப் பிடிச்சு என்னைக் கூப்பிட்டார். அந்தப் பாவி என்னைக் கொழும்பிலையிருந்து இத்தாலிக்குக் கொண்டுவந்து, ஜெனோவா எண்ட பழைய துறைமுகப் பட்டினத்திலை ஒரு லொட்ஜ் அறைக்குள்ளை விட்டான். அடுத்த அறையிலை இன்னொரு யாழ்ப்பாணத்துப் பெடியன். என்னிலும் அஞ்சாறு வயசு இளமை. அவனும் கனடாவுக்குத்தான்.

ரெண்டாம் நாள் காலமை ஏஜென்சிக்காரன் வந்து கதவைத் தட்டினான். அறையை விடட்டாம். கனடாவுக்குப் போற பாஸ்போட்டுகள் பின்னேரம்தான் வருமாம். அதுவரைக்கும் எங்கை போறது எண்டு கேட்டன். "ஊர் பாருங்கோ" எண்டான்.

"என்னண்ணை, பகிடியோ?"

பகிடியில்லை. தனிய ஒரு கறுத்த ஆம்பிளை நிண்டால் பொலிஸ் கேக்கும். தனிய ஒரு பொம்பிளை நிண்டாலும் கேக்கும். பிடிபட்டால் திருப்பிக் கொழும்புக்கு ஏத்தி விடுவாங்கள். கொழும்பிலை இறங்கினால் என்ன நடக்கும் எண்டு அந்த வருசங்களிலை ஒருத்தருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆனால் ரெண்டு பேரும் புருசன் பெண்சாதி மாதிரி, புதினம் பாக்க வந்த ஆக்கள் மாதிரித் திரிஞ்சால் ஒருத்தனும் கவனிக்க மாட்டானாம். "ஒரு இடத்திலை கனநேரம் குந்த வேண்டாம். பயந்த முழி முழிக்க வேண்டாம். சிரியுங்கோ. பேர் ஊர் ஒண்டும் ஒருத்தரை ஒருத்தர் கேக்கக் கூடாது. தெரியாததை அடிச்சாலும் சொல்லேலாதுதானே." இதைச் சொல்லிப்போட்டுப் பெடியன்ரை கழுத்திலை ஒரு கமெராவைக் கொழுவி விட்டான். அதுக்குள்ளை பிலிம் இல்லை.

சிரிக்கட்டாம்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவன்ரை செவிட்டைப் பொத்தி ஒண்டு குடுத்திருப்பன். கலியாணத்துக்குப் பிறகு சீலையைத் தவிர வேறை உடுக்காத நான், முழங்காலுக்குக் கீழை காத்துப் பட ஒரு பூப்போட்ட சட்டையோடை நிக்கிறன். தாலிக்கொடியைக் கழட்டி உள்பாவாடைக் கரையிலை வைச்சுத் தைச்சிருக்கிறன். விரலிலை ஏஜென்சிக்காரன்ரை பித்தளை மோதிரம். இந்தக் கோலத்திலை ஊர் பாக்க வெளிக்கிட்டம்.

வெளிக்கிட்ட கையோடை பிழைச்சுப் போச்சு. பெடியன் முன்னுக்குப் போறான், நான் ஒரு மாட்டுவண்டில் இடைவெளி விட்டுப் பின்னுக்குப் போறன். எங்கடை ஊரிலை புருசன் பெண்சாதி அப்பிடித்தானே நடக்கிறது! தெருமுனையிலை நிண்டு பாத்த ஏஜென்சிக்காரன் ஓடிவந்து பல்லை நெருமினான். "உது என்ன, நல்லூர்த் திருவிழாவோ? பக்கத்திலை நடவுங்கோ!"

பக்கத்திலை நடந்தம். பெடியனுக்குச் சரியான அந்தரம். "குறை நினையாதேங்கோ அக்கா" எண்டான்.

"அக்கா எண்டு கூப்பிடாதையும். பிறகு பொலிசுக்கு விளங்கிவிடும்."

"இஞ்சை ஆருக்கு அக்கா தம்பி தெரியும்?"

பிறகுதான் யோசிச்சன். அந்த ஊரிலை நாங்கள் என்னத்தையும் கதைக்கலாம். வாய்க்கு வந்தபடி பேசினாலும் கேக்க ஆளில்லை. ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்திட்டுது. அண்டைக்கு ஏஜென்சிக்காரன் கேட்ட சிரிப்பு அப்பிடித்தான் எங்களிட்டை வந்தது.

அந்த ஊரின்ரை ஒழுங்கையள் ரெண்டு பேர் பக்கத்துப் பக்கத்திலை நடந்தால் தோள் முட்டிற அளவு. மேலை அண்ணாந்து பாத்தால் ஏழு மாடிக்கும் கொடி கட்டி உடுப்புக் காயுது. இவையளும் எங்களைப்போலை உள்ளுடுப்பை வெளியிலைதான் காயவிடுகினம் எண்டு கண்டதிலை எனக்குப் பெரிய ஆறுதல். ஒழுங்கை முடிய மீன் கடை ஒண்டு. என்ரை கை சும்மா இருக்குதே? ஒரு மீனின்ரை செவுளைத் தூக்கிச் சிவப்போ எண்டு பாத்தன். கடைக்காரி தன்ரை பாசையிலை என்னைக் கிழிகிழியெண்டு கிழிச்சா. நானும் எங்கடை பாசையிலை விடேல்லை. "நாறல் மீனை வைச்சுக்கொண்டு உனக்கு வாயைப் பார்!" பெடியன் என்னை மெல்ல அங்காலை கூட்டிக்கொண்டு போய், எண்ணெய் பூசின, ரொட்டி மாதிரித் தட்டைப் பாண் ஒரு துண்டு வாங்கித் தந்தான். உப்பும் எண்ணெயும் சேந்து, அப்பிடியொரு ருசி.

துறைமுகக் கரையிலை ரெண்டு பொலிசுக்காரர் எதிரை வந்தாங்கள். பெடியன் உடனை தூரத்து வெளிச்சவீட்டைக் கையாலை காட்டி, பெரிய வாத்தியார் மாதிரிச் சத்தமாய்த் தொடங்கினான். "உந்த வெளிச்சவீட்டைப் பாருங்கோ அக்கா. உதைக் கட்டினது எங்கடை பெரியப்பா. சுண்ணாம்பு காணாமல் போனபடியால்தான் மேலை கொஞ்சம் சரிவு." நான் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டன். பொலிசுக்காரர் எங்களை ஒரு பார்வை பாத்து, ஒதுங்கி வழிவிட்டுப் போனாங்கள். அதுக்குப் பிறகும் அவன் பெரியப்பாவை விடேல்லை. அந்த ஊரிலை பாதி அவர் கட்டினதுதான்.

மத்தியானம் ஒரு பெரிய தேவாலயத்துக்குப் போனம். கறுப்பும் வெள்ளையுமாய் வரி வரியாய்ச் சுவர், படியிலை கல்லுச் சிங்கம். உள்ளுக்கை ஒரு மூலையிலை சனம் கூடி நிண்டு படம் எடுக்குது. ஏதோ பெரிய சாமியாக்கும் எண்டு நானும் கும்பிட்டுக்கொண்டு கிட்டப் போனால், அங்கை நிமித்தி வைச்சிருக்கிறது ஒரு ஷெல். உலக யுத்தத்திலை கூரையை உடைச்சுக்கொண்டு விழுந்து, வெடிக்காமல் கிடந்ததாம். புதுமை எண்டு பக்குவமாய் வைச்சிருக்கினம். எங்களுக்கு அந்த ஊர் முழுக்க முன்னமே தெரிஞ்ச சாமான் அது ஒண்டுதான்.

"உது பெரிய சைஸ் அக்கா. எங்கடை பக்கம் விழுறது இதிலும் சின்னன்" எண்டான் பெடியன்.

"எங்கடை ஊரிலை விழுறதையெல்லாம் இப்பிடி வைக்கிறதெண்டால் கோயிலிலை இடம் காணாது" எண்டன் நான்.

வெளியிலை வர, தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரி கமெராவைக் கண்டிட்டு, எங்கள் ரெண்டு பேரையும் படம் எடுத்துத் தாறன் எண்டு நிண்டா. வேண்டாம் எண்டு சொன்னால் சந்தேகம். சிங்கத்துக்குப் பக்கத்திலை போய் நிண்டம். கிட்ட நில்லுங்கோ, இன்னும் கிட்ட எண்டு கையாலை காட்டுறா. நான் சிங்கத்தைப் பாத்துச் சிரிச்சன், பெடியன் ஆகாசத்தைப் பாத்துச் சிரிச்சான். அவ ஒண்டுக்கு ரெண்டு தரம் அமத்தினா. பிலிம் இல்லாத கமெராவுக்கு அவ்வளவு வடிவாய் ஒருத்தரும் நிண்டிருக்க மாட்டினம்.

பின்னேரம் கடலைப் பாத்த ஒரு கல்லிலை கொஞ்சம் குந்தினம். "கால் நோகுதோ அக்கா?" எண்டு கேட்டான். மூண்டு வருசமாய் என்னட்டை ஒருத்தரும் கேக்காத கேள்வி. மாமி கேட்டதெல்லாம் உலை வைச்சாச்சோ எண்டுதான். சொல்ல வெக்கமாய்க் கிடக்கு, ஆனால் சொல்லுறன்: களவாய் வந்து, ஆற்றையோ சட்டையைப் போட்டு, பொலிசுக்குப் பயந்து திரிஞ்ச அந்த நாள் எனக்குச் சந்தோசமாய் இருந்தது.

இருட்டினாப் பிறகுதான் பாஸ்போட்டுகள் வந்து சேந்தது. அடுத்த நாள் றெயினிலை வேறை ஊருக்குக் கொண்டுபோய் எயாப்போட்டிலை விட்டான் ஏஜென்சிக்காரன். பாஸ்போட்டிலை ரெண்டு பேருக்கும் வேறை வேறை பேர், வேறை வேறை நாடு. அதாலை தனித்தனியாய் நிக்கச் சொன்னான். நான் முன்னுக்கு. எனக்குப் பின்னாலை நாலைஞ்சு பேர் தள்ளிப் பெடியன். என்ரை பாஸ்போட்டை அதிகாரி பிரட்டிப் பிரட்டிப் பாக்கேக்கை, பின்னாலை ஒரு சத்தம். இன்னொரு அதிகாரி வந்து பெடியனைப் பிடிச்சு வைச்சிருக்கிறான். "அந்தப் பொம்பிளை உன்னோடை வந்தவளோ?" எண்டு இங்கிலீசிலை கேட்டது எனக்கு வடிவாய் விளங்கிச்சுது.

"இல்லை. அவ ஆரெண்டே எனக்குத் தெரியாது" எண்டான் பெடியன். எனக்குக் கேக்கவேணும் எண்டதுக்காகச் சத்தமாய்ச் சொன்னான்.

நான் திரும்பேல்லை. என்ரை பாஸ்போட்டிலை சீல் விழுந்திது. எடுத்துக்கொண்டு நடந்தன். பிளேன் வெளிக்கிடுமட்டும் அவன் வந்து ஏறேல்லை. ஒரு நாள் முழுக்கப் புருசனாய் நடிச்சவன் ஒரு சொல்லிலை என்னைக் கைவிட்டான். கைவிட்டபடியால்தான் நான் இண்டைக்கு இஞ்சை இருந்து புட்டு அவிக்கிறன்.

ரொறன்ரோவிலை இறங்கினால், மனிசன் ஒரு பெரிய கோட்டோடை நிக்கிறார். "ஏன் இப்பிடி மெலிஞ்சு போனீர்?" எண்டார். வழியிலை நடந்ததை நான் சொல்லேல்லை. அவரும் கேக்கேல்லை. சனத்துக்கு மட்டும் யூரோப் கதை சொல்லித் திரிஞ்சார்.

ஆனால் எங்கை எங்கடை சனம் கூடினாலும் என்ரை கண் தேடும். கோயிலிலை, கலியாண வீட்டிலை, பஸ்ஸிலை. அவன் வந்து சேந்தானோ, கொழும்புக்கு ஏத்தி விட்டாங்களோ? ஆரிட்டைப் போய்க் கேக்கிறது? பேரும் தெரியாது, ஊரும் தெரியாது. "என்ரை ஒரு நாள் புருசனைக் கண்டனீங்களோ?" எண்டு கேட்டால் செருப்பாலை அடிப்பினம். எந்த வழியாலை வந்தனீங்கள் எண்டு ஆம்பிளையளிட்டை நேரை கேக்கவும் ஏலாது. அகதிக் கேஸ் முடியாத ஆக்கள், பயந்து போவினம்.

ரொறன்ரோவிலையே மில்லிக்கன் பக்கத்துக்கு வீடு மாறின வருசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமிழ்க் கடையிலை சாமான் வாங்கிக்கொண்டு வந்து காரிலை ஏறினம். மனிசன் காரை எடுக்கேல்லை. "மெய்யே, உள்ளுக்கை மீன் பெட்டியடியிலை நிண்ட ஆளை ஏன் அப்பிடி முழிசிப் பாத்தனீர்? போற இடமெல்லாம் உப்பிடித்தான் பாக்கிறீர்" எண்டார்.

எல்லாத்தையும் சொன்னன். மோதிரம், சிங்கம், வெளிச்சவீடு, எயாப்போட். ஏசப் போறார் எண்டு நினைச்சன். ஏசேல்லை.

"அந்தப் பெடியனுக்கு நான் ஒரு நன்றி சொல்லவேணும். ஆள் எப்பிடி? சொல்லும், நானும் விசாரிக்கிறன்."

"மெல்லிய ஆள். காலுக்குப் பெரிசான சப்பாத்து."

"முகம்?"

"முகத்தை நான் பாக்கவேயில்லை" எண்டன். கலியாணம் கட்டின பொம்பிளை, பிற ஆம்பிளையின்ரை முகத்தை எப்பிடி நிமிந்து பாக்கிறது? நாள் முழுக்கப் பக்கத்திலை நடந்தன். அவன் கதைக்கேக்கை நான் நிலத்தைப் பாத்தன், நான் கதைக்கேக்கை அவன் கடலைப் பாத்தான். கல்லுச் சிங்கத்தின்ரை மூக்கை இப்பவும் கீறிக் காட்டுவன். அவன்ரை மூக்கு எப்பிடியெண்டு எனக்குத் தெரியாது.

"அப்ப, உள்ளுக்கை நிக்கிற ஆளாயும் இருக்கலாம்" எண்டார் மனிசன் மெதுவாய்.

இறங்கித் திரும்ப ஓடினன். அந்த ஆள் மீன் பையோடை வாசலுக்கு வந்துகொண்டிருந்தார். ஒரு சொல்லுக் கதைச்சாலும் போதும், குரலிலை பிடிச்சிடுவன் எண்டு நேரை போய் நிண்டன். அவர் என்னைக் கண்டதும், பிறத்தியாற்றை மனிசிக்கு முன்னாலை எங்கடை மரியாதையான பெடியள் செய்யிறமாதிரி, கண்ணைக் கீழை போட்டுக்கொண்டு, ஒண்டும் பேசாமல் விலகி வழி விட்டார். நானும் குனிஞ்ச தலையோடை உள்ளுக்கை போய், தேவையில்லாத ஒரு இடியப்ப மாப் பக்கெற்றை வாங்கிக்கொண்டு வந்தன்.