லேசருக்கு ஒரு வரவேற்பு ஃபிளெக்ஸ்

போன வாரம் அரியலூர்ப் பக்கம் தங்கச்சி மல்லிகா வீட்டுக்குப் போயிருந்தேன். அவர்கள் ஊரில் காற்று சுத்தமாகிவிட்டதாம். சும்மா சொல்லவில்லை... லேசர் வைத்தே அளந்துவிட்டார்கள்!

மல்லிகா வீட்டு வாசலில் நின்றாலே சிமெண்ட் ஆலையின் புகைபோக்கி தெரியும். அவளுக்கு மூச்சிரைப்பு. இன்ஹேலர் இல்லாமல் கடைக்குக்கூடப் போகமாட்டாள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு மேல் மனு கொடுத்தாள். "எல்லாம் உங்க மனப்பிரமைம்மா" என்றார்கள். அவள் விடவில்லை. ஒருவழியாகக் கருவி வந்தது.

பள்ளிக்கூட மாடியில் லேசர். எதிரே தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு கண்ணாடி. ஒளி போய்க் கண்ணாடியில் பட்டுத் திரும்பும். வழியில் கந்தக வாயு இருந்தால், அது ஒளியில் கொஞ்சத்தை விழுங்கிவிடும். எவ்வளவு ஒளி குறைகிறதோ, அதை வைத்துக் கணக்குப் போட்டுத் தெருமுனைப் பலகையில் எண் காட்டுவார்கள்.

திறப்பு விழாவுக்கு அதிகாரிகள் வந்தால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? பள்ளிக்கூடத்துக்கும் தொட்டிக்கும் நடுவே, வானளாவ ஒரு ஃபிளெக்ஸ். 'தூய காற்றே வருக!' பக்கத்தில் வார்டு பிரமுகர் சிரிக்கிறார். சரியாக அவர் மூக்கில் போய் முட்டியது லேசர்.

போன ஒளி திரும்பவே இல்லை. ஒளியே வராவிட்டால் கருவி கணக்கே போடாதாம்; பலகையில் வெறும் பூஜ்ஜியம். பலத்த கைதட்டல்!

"ஜீரோன்னா எனக்கு ஏங்க சார் மூச்சு முட்டுது?" என்று மல்லிகா கேட்டிருக்கிறாள்.

"மெஷின் பொய் சொல்லாதும்மா" என்றாராம் அதிகாரி.

ஒரு மாதம் ஊரே அவளைக் கேலி செய்தது.

நான் போயிருந்த அன்று ஆடிக் காற்று பிய்த்து உதறியது. பிரமுகர் மூக்கோடு கிழிந்து தொங்கினார். கொஞ்ச நேரத்தில் பலகையில் எண் ஏறியது... சிவப்பு எழுத்தில்!

"அண்ணே, பாத்தியா? பிரமை இல்லண்ணே..." மல்லிகா அழுதேவிட்டாள்.

உடனே அதிகாரிக்கு போன் போட்டாள். பதில் என்ன தெரியுமா?

"மெஷின் ரிப்பேர்ம்மா. ஒரு மாசமா நல்லாத்தான இருந்துச்சு?"

புது ஃபிளெக்ஸுக்கும் ஆர்டர் கொடுத்தாகிவிட்டதாம். இந்த முறை காற்றுக்குக் கிழியாத துணி!

மல்லிகாவும் சும்மா இல்லை... பெரிய கத்தரிக்கோலாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள்.