திருத்தி எழுதிய ஜெபக்குறிப்புகள்

வேதம் அதிகம் தெரிந்தவள் என்று எங்கள் சபையில் யாரும் என்னைச் சொன்னதில்லை. கையெழுத்து அழகாக இருந்தது. அந்த ஒரு காரணத்துக்காகவே வேலை என் தலையில் விழுந்தது. ஒரத்தநாட்டுப் பக்கம் கடைத்தெருவில் தையல் மிஷின் போட்டிருந்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. மிச்சப் படிப்பை வாரப் பத்திரிகைகளும், ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்து உட்காரும் பெண்களின் பேச்சும் பார்த்துக்கொண்டன.

புதிதாக வந்த போதகர் பட்டம் படித்தவர். வந்த மாதமே கோயில் வாசலில் இருந்த ஜெபக்குறிப்புப் பெட்டியைத் திறந்து, சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இதெல்லாம் ஜெபக்குறிப்பா, இல்ல கர்த்தருக்குப் போட்ட ஆர்டரா? நீங்களே படிச்சுப் பாருங்கம்மா."

அவர் சொன்னதில் தப்பில்லை. ஊரே விமானம் ஏறத் துடித்த காலம் அது. கடைத்தெருவில் டீக்கடைகளை விட எஸ்.டி.டி. பூத்துகள் அதிகமாகிக்கொண்டிருந்தன. விசா கேட்டு எழுதுகிறவர்கள் சீட்டில் பாஸ்போர்ட் நம்பரையும் சேர்த்து எழுதினார்கள், கர்த்தர் ஆள் மாறிக் கொடுத்துவிடக் கூடாதே என்று. மளிகைக்கடை பாய் வீட்டம்மாகூட மகனின் சவூதி விசாவுக்காக என்னிடம் ஒரு சீட்டு கொடுத்தனுப்பினார்: "நம்ம பக்கம் கேட்டாச்சு. உங்க பக்கமும் ஒண்ணு போட்டு வைங்க." சபையில் ஒரு பெரியவர், தன் வரப்பை வெட்டிச் சேர்த்துக்கொண்ட தம்பியின் கை விளங்காமல் போக வேண்டும் என்று, தேதி உள்பட எழுதியிருந்தார். குறுவை அறுப்புக்குள் நடந்துவிட வேண்டுமாம்.

போதகர் மூன்று விதிகள் சொன்னார். கர்த்தருக்குக் கட்டளை போடக் கூடாது. அடுத்தவருக்குக் கேடு கேட்கக் கூடாது. எதைக் கேட்டாலும் தேவசித்தத்துக்கு விட்டு முடிக்க வேண்டும். சனிக்கிழமை மதியம் நான் சீட்டுகளைத் திருத்தி ஒரு தாளில் எழுத வேண்டும்; ஞாயிற்றுக்கிழமை நான் வாசிக்க, அவர் ஜெபிப்பார்.

இரண்டு வாரத்தில் எனக்கு அந்த வேலை ருசித்துவிட்டது. தம்பியின் கை விளங்காமல் போவதை 'சகோதரருக்குள் ஒருமனம் உண்டாக' என்று மாற்றினேன். பாஸ்போர்ட் விசாரணைக்கு வரும் போலீஸ்காரர் அலைய விடுகிறார் என்ற புலம்பல் 'அதிகாரத்தில் இருப்பவர்களின் ஞானத்துக்காக' ஆனது. வயிறு பெருத்தவருக்குப் பிடிக்கிற சட்டையை எலும்பும் தோலுமாக இருப்பவருக்கு வெட்டித் தைக்கிற திறமை அது. எல்லாச் சீட்டும் ஒரே அளவில் வந்தன.

வரப்புக்காரப் பெரியவர் கடைக்கே வந்துவிட்டார்.

"என் சீட்டை ஏம்மா வாசிக்கல?"

"வாசிச்சேனுங்களே. ஒருமனம்னு வந்துச்சே, அது உங்களதுதான்."

"அதுவா? யாரோ ஒரு புண்ணியவான் கேட்டதுன்னுல்ல நெனச்சேன். நானும் ஆமென்னு சொல்லித் தொலைச்சுட்டேனே." படியிறங்கப் போனவர் திரும்பினார். "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கணும்பாங்க. இப்ப டெய்லரும் குடுக்கணும் போல."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் ஒரே வீட்டிலிருந்து இரண்டு சீட்டுகள் வந்தன. மாமியார் எழுதச் சொல்லி வந்தது: 'சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்குப் பெர்மிட் இன்னும் இரண்டு வருஷம் நீட்டிக் கிடைக்க வேண்டும்.' மருமகள் பெயர் போடாமல் எழுதியது: 'அவர் பெர்மிட்டை நீட்டாமல் ஊருக்கு வந்து சேர வேண்டும்.' பெயர் இல்லாவிட்டால் என்ன, கையெழுத்து எனக்குத் தெரியாதா? அவன் கட்டடம் கட்டும் வேலைக்குப் போகும்போது அவள் முழுகாமல் இருந்தாள். இப்போது பிள்ளைக்கு நாலு வயது.

ரொம்ப யோசிக்காமல் இரண்டையும் சேர்த்துத் தைத்தேன்: 'வெளிநாட்டில் உழைக்கும் நம் சகோதரருக்குத் தேவசித்தத்தின்படி எல்லாம் அமைய.' வாசித்ததும் மாமியார் பலமாக ஆமென் சொன்னார். பக்கத்தில் மருமகளும் சொன்னாள். போதகர் பிறகு என்னைத் தனியாகப் பாராட்டினார். அன்றைக்கு வீட்டில் வைத்த மீன்குழம்பைக்கூட நானே மெச்சிச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை மருமகள் ஒரு ரவிக்கைத் துணியோடு வந்தாள். துணி ஒரு சாக்கு.

"அக்கா, என் சீட்டை என்ன பண்ணீங்க?"

"வாசிச்சேனேம்மா. தேவசித்தம்னு..."

"அது என் சீட்டு இல்லக்கா." பையிலிருந்து ஒரு கட்டுக் கடிதத்தை எடுத்து மிஷின் மேல் வைத்தாள். "இதைப் படிங்க. கடைசி வரியை மட்டும் படிங்க, போதும்."

படித்தேன். 'கர்த்தருக்குச் சித்தமானால் அடுத்த வருஷம் வருகிறேன்.' அதற்கு அடியில் இருந்ததிலும் அதே வரி. அதற்கு அடியிலும்.

"வர இஷ்டமில்லன்னு எழுதினா சண்டையாவது போடுவேன். கர்த்தர் மேல போட்டுட்டா நான் யார்கிட்ட சண்டை போடுறது? போதாக்குறைக்கு நீங்களும் அதே வரியை எனக்கு எழுதிக் குடுக்குறீங்க."

"உன் மனசு கர்த்தருக்குத் தெரியும்மா."

"அவருக்குத் தெரியும்க்கா. எங்க அத்தைக்குத்தான் தெரியல. வீட்டுல வாயைத் தொறந்தா, ஜெபம் பண்ணுன்னு சொல்லிடுறாங்க. கோயில்ல வாசிச்சா காதுல விழும்ல?"

புதுச் சீட்டு ஒன்றைக் கொடுத்தாள். இந்த முறை பெயர் போட்டிருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை பேனா ஓடவில்லை. போதகரின் விதிப்படி அது கட்டளைதான். மாமியாரைக் கேட்டால் கேடு என்றும் சொல்லுவார். ஆனால் தகப்பனிடம் அப்பம் கேட்கிற பிள்ளையைப் பற்றிப் போதகரே பிரசங்கம் செய்திருக்கிறார். 'உங்களுக்கு இஷ்டமிருந்தால்' என்று இழுத்துக்கொண்டு அந்தப் பிள்ளை அப்பம் கேட்டதாக அதில் வரவில்லை. சாவதற்கு முந்தின இரவு தோட்டத்தில் முழங்காலிட்டவரும், தனக்கு வேண்டியதை முதலில் பளிச்சென்று கேட்டார். அப்புறம்தான் சித்தத்துக்கு விட்டார். முதல் பாதியை வெட்டி எறிந்துவிட்டு, மறுபாதியை மட்டும் ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுத்தது நான்.

ஞாயிற்றுக்கிழமை அப்படியே வாசித்தேன். "என் கணவர் பெர்மிட்டை நீட்டாமல் இந்த வருஷமே வீட்டுக்கு வர வேண்டும். பிள்ளைக்கு அவரைத் தெரியவில்லை."

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. போதகர் என்னைப் பார்த்தார், பிறகு அந்தக் குடும்பத்துக்காக ஜெபித்தார். அவர் அவ்வளவு சுருக்கமாக ஜெபித்து நான் கேட்டதில்லை.

வெளியே மாமியார் என்னை மறித்தார். "இதை வீட்டுலயே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னாங்களாம் பெரியம்மா. நீங்க ஜெபம் பண்ணச் சொன்னீங்களாம்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு நேரே எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார். அந்தப் பூத்தின் கண்ணாடிக் கதவு காற்றைத் தடுக்கும், பேச்சைத் தடுக்காது. "சபை பூரா தெரிஞ்சுபோச்சுடா. ஊர் வாயை எந்த உலைமூடியால நான் மூடுறது? வந்து மூஞ்சியைக் காட்டிட்டுப் போ." கர்த்தர் அந்த மகனின் மனதைத் திருப்பினார் என்று போதகர் பிறகு சாட்சி சொன்னார். யாரை வைத்துத் திருப்புவது என்பது கர்த்தர் இஷ்டம்தானே, நான் குறுக்கே பேசவில்லை.

இரண்டு மாத லீவில் வந்தான். பிள்ளை நாலு நாள் அவனை 'சிங்கப்பூர்' என்று கூப்பிட்டதாம். அதன்பிறகு அவன் தோளை விட்டு இறங்கவில்லை. லீவு முடிய ஒரு வாரம் இருக்கும்போது, சனிக்கிழமை மதியம், பெண்சாதியோடு கடைக்கு வந்தான்.

"அக்கா, இது சரியா இருக்கா பாருங்க. நீங்கதான் திருத்துவீங்களாமே."

'கர்த்தருக்குச் சித்தமானால் என் பயணம் வாய்க்க.'

"திருத்துறதை விட்டுட்டேன் தம்பி. நீங்க போகணும்னு கேக்குறீங்களா, வேண்டாம்னு கேக்குறீங்களா?"

"அவர் சித்தம் எதுவோ..."

"அது அவர் பாடு. உங்களுக்கு என்ன வேணும்னு எழுதுங்க."

அவன் வாடிக்கைக்காரர்கள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தான். அவள் வாசலில் தொங்கிய ரவிக்கைத் துணிகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள், துணி எடுக்க வந்தவள் மாதிரி.

"அம்மாவும் கோயில்ல இருப்பாங்களேக்கா."

"இருப்பாங்க. முன்வரிசையில."

எழுதியதை அடித்தான். மறுபடி எழுதினான். நாலாக மடித்துக் கொடுத்துவிட்டு, நான் பிரிப்பதற்குள் இறங்கிப் போய்விட்டான்.

மறுநாள் வாசித்தேன். "எனக்குத் திரும்பிப் போக மனமில்லை. அதை அம்மாவிடம் சொல்லத் தைரியம் வேண்டும்."

வாசித்து முடித்தபோதுதான் உறைத்தது: கேட்டதில் பாதி அப்போதே நடந்துவிட்டது. மாமியார் பெண்கள் வரிசையிலிருந்து உடம்போடு திரும்பி, ஆண்கள் பக்கம் இருந்த மகனைப் பார்த்தார்.

"நான் எப்படா உன்னை அங்கயே கெடன்னு சொன்னேன்? இருக்கேன் இருக்கேன்னு நீ எழுதினதாலதானே நானும் அப்படியே கேட்டுக்கிட்டு இருந்தேன்."

"நீங்க சந்தோஷமா இருக்கீங்கன்னு நெனச்சேம்மா," என்றான் அவன், எழுந்து நின்று.

"உக்காருடா. உங்கப்பாவும் இப்படித்தான், எதையும் வாயைத் தொறந்து சொல்ல மாட்டாரு. இங்க என்ன வேலை பாப்பே, அதைச் சொல்லு முதல்ல."

போதகர் கண்ணை மூடிக் கைகளைக் கோத்தபடி பொறுமையாக நின்றார். அவர்கள் பேசி முடிக்கட்டும் என்று நானும் அடுத்த சீட்டைப் பிரிக்காமல் வைத்திருந்தேன்.