ஆளில்லாத வீட்டு வெளிச்சம்

பதுளையில் துணிக்கடையில் வேலை செய்கிறேன். தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் வீட்டு வாசலில் ஒரு பல்பு மாட்டியிருந்தேன். பொழுது சாய்ந்தால் தானாக எரியும், போனிலிருந்தும் அணைக்கலாம். அன்று கடையில் தாமதமாகிவிட்டது. ஆளில்லாத வீட்டுக்கு வெளிச்சம் எதற்கு என்று அங்கிருந்தே அணைத்தேன். கரண்டை மிச்சம் பிடித்த பெருமை வேறு!

வீடு திரும்பினால், பக்கத்து வீட்டு மலர் அக்கா மணிக்கட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பீலிக் குழாயிலிருந்து தண்ணீர் கொண்டுவரும்போது, எங்கள் வாசலுக்கு முன்னால் உள்ள பொதுப் படியில் இருட்டில் விழுந்துவிட்டாராம்.

“ஒங்க வீட்டு லைட்டு திடீர்னு நின்னுருச்சு தங்கச்சி. கரண்டு போயிருச்சுன்னு நெனச்சேன்.”

அணைத்தது நான்தான் என்று சொல்லி அழுதேன். எலும்பு முறிந்த கையோடு அவர் இன்னும் கொழுந்து பறிக்கப் போகவில்லை.

இப்போது தாமதமாகும் நாட்களில், பல்பு எரிகிறதா என்று போனில் பார்த்துக்கொள்கிறேன். வீட்டில் ஆளில்லாவிட்டாலும் படியில் யாராவது இருப்பார்கள்.